மெட்டுக்கு ஏறும் வண்டிவீடு – பகுதி 3: மூடினால் வேர்க்கும்

முந்தல் சோதனைச் சாவடியோடு சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்த வழியாகத்தான் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. ஆடி மாதத்தில் இதில் ஏறுகிறவர்கள் ஒரே பகலில் இரண்டு பருவங்களைப் பார்த்துவிடலாம். கீழே போடிநாயக்கனூரில் வெயில், புழுதிக்காற்று, எப்போதாவது மலையிலிருந்து வந்து விழும் சாரல். மேலே மெட்டில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிகிற மேகம்.

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டுப் போடிக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற பகுதியில் எழுதியிருந்தேன். மதுரை நண்பரும் அவர் மனைவியும் தங்கள் ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்து வரும் அந்தச் சிறிய வண்டிவீடு உள்ளே 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். ஒரு கட்டில், ஒரு மடிப்பு மேசை, ஒரு அலமாரி. மொத்தம் 11 கன மீட்டர் காற்றுதான் அதற்குள் இருக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் அந்தக் கொஞ்சக் காற்றை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயணம் சுகமாக இருக்கும், அல்லது இரண்டாம் நாளே மெத்தையில் பூஞ்சை வாடை அடிக்கும்.

போடியில் பிரச்சினை வெப்பம். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் தன் சுமையை இறக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. நீரை இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்க இறங்கச் சூடாகி உலர்ந்துபோகிறது. மலை முழுக்க நனைந்துகொண்டிருக்கும்போது அடிவாரத்து மாந்தோப்புகளில் வெயில் காய்வது இதனால்தான். கூடவே கம்பம் கணவாய் வழியே வரும் காற்றின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றை நம்பித்தான். வெயிலில் நிறுத்திய தகரப்பெட்டி எதுவானாலும் நண்பகலுக்குள் வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி அதிகமாகக் கொதித்துவிடும். ஆனால் வீசும் காற்று உலர்ந்தது, அதுவே மருந்தும்கூட.

நண்பரின் மனைவி வண்டியை நிறுத்தும் முன் செய்கிற முதல் வேலை, ஒரு துண்டை உயரத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது. “ஏங்க, மேக்காலயிருந்து வருது, இன்னும் கொஞ்சம் திருப்புங்க” என்பார். வண்டியின் அகலப்பக்கம் காற்றுக்குக் குறுக்கே நின்றால் ஒரு சன்னலில் நுழைந்து எதிர்ச்சன்னலில் வெளியேறும். வீசும் பக்கத்துச் சன்னலைக் குறைவாகவும் எதிர்ப்பக்கத்தை அகலமாகவும் திறப்பது அவர்கள் வழக்கம். நுழைவாய் குறுகலாக இருந்தால் காற்று அந்த இடத்தில் விசையோடு பாய்ந்து படுத்திருப்பவர் மேல் படும். வெளிவாய் அகலமாக இருந்தால் தடையின்றிப் போகும். கூரை நடுவே ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு திறப்பும் அதில் 12 வோல்ட் மின்விசிறியும் உண்டு. சூடான காற்று மேலே போய்த் தங்குவதால் விசிறியை உள்ளே ஊதவிடாமல் வெளியே தள்ளும்படி சுழலவிடுகிறார்கள். நிழல் விழும் பக்கத்துச் சன்னலிலிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வருகிறது.

ஆடிக்காற்றில் கூரை மூடியைக் கவனிக்க வேண்டும். கீல் இருக்கும் பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். வாய் காற்றைப் பார்த்துத் திறந்திருந்தால் ஒரே வீச்சில் மூடி பிய்ந்துபோகும். மரநிழல் நல்லதுதான், ஆனாலும் இந்த மாதத்தில் முற்றிய புளிய மரத்தடியும் தென்னையடியும் வேண்டாம்.

மலையேறும் முன் ஒரு காரியம் பாக்கி. போடிக்கும் மெட்டுக்கும் உயர வேறுபாடு சுமார் 1000 மீட்டர். அந்த அளவு ஏறினால் வெப்பம் 6 டிகிரியாவது குறையும். மேகமும் சேர்ந்தால் இன்னும் கூடக் குறையும். சமையலும் குளியலும் முடிந்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால், அடிவாரத்து வெதுவெதுப்பான ஈரக்காற்றும் கூடவே மலையேறும். மேலே போய்த் தகரம் குளிர்ந்ததும் அந்த ஈரம் உள்கூரையில் துளியாகக் கோத்துக்கொள்ளும். அதனால் முந்தலில் வண்டியை ஓரங்கட்டி, எல்லாக் கதவுகளையும் திறந்து, உள்ளே இருந்த காற்றை முழுக்க வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூரை மூடியைப் பூட்டினார்கள்.

வளைவுகளில் எதிரே ஜீப்புகள் வந்துகொண்டே இருந்தன. போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்திலிருந்து தினமும் விடியும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஜீப்புகள். மழைக்குப் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தாலும் பின்பக்கம் திறந்தே இருந்தது. அத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் வண்டியில் அந்தத் திறப்பு இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும்.

மெட்டில் நிலைமை தலைகீழ். வெப்பம் போய் ஈரம் வந்துவிடுகிறது. மழை, குளிர், மேகம் மூன்றும் சேர்ந்து மிரட்டும்போது எவருக்கும் முதலில் தோன்றுவது எல்லாவற்றையும் இறுக மூடிக்கொள்ளத்தான். அங்கேதான் தவறு நடக்கிறது. கணக்கைப் பார்த்தால் புரியும். தூங்கும் ஒருவரின் மூச்சும் வேர்வையுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் ஆவியாகிறது. இருவர் என்றால் 80 கிராம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 11 கன மீட்டருக்கு 190 கிராம். மலை மேகத்தில் அந்தக் காற்று முக்கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மூடிய வண்டிக்குள் இருவர் படுத்த ஒரு மணி நேரத்துக்குள் காற்று நிறைந்துவிடும். அதன் பிறகு வெளிவரும் ஒவ்வொரு மூச்சும் சன்னல் கண்ணாடியிலும் கூரையிலும் மெத்தையின் அடியிலும்தான் போய்ச் சேர வேண்டும். காலையில் கூரை ஒழுகிவிட்டதென்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த நீர்தான்.

“வெளியேயும் ஈரம்தானே, திறந்து என்ன பயன்?” என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. வெளியே 18 டிகிரியில் மேகம் சூழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 15 கிராம் நீராவி. அதற்கு மேல் அது தாங்காது. அதே காற்று வண்டிக்குள் வந்து, இரண்டு உடல்களின் சூட்டில் 25 டிகிரியாகிறது. இப்போது அதன் கொள்ளளவு 23 கிராம். நிறைந்திருந்த காற்று மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே நிரம்பிய காற்றாக மாறிவிட்டது. இன்னும் சில கிராம் நீரை ஏந்திக்கொண்டு வெளியே போக அதற்கு இடம் இருக்கிறது. மணிக்கு 20 கன மீட்டர் காற்று மாறினாலே இருவரின் மூச்சு நீரும் போய்விடும். கூரை விசிறியை அடிவேகத்தில் வைத்தால் போதும். முழு வேகத்தில் ஓட்டி மின்கலத்தைத் தீர்க்க வேண்டியதில்லை.

மழைநாளின் காற்றாலும் ஒரு பொருளை உலர்த்த முடியும் என்பதை ஏலமலைக்காரர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்கள் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. ஏலக்காய் எடுப்பு மழைக்காலத்தில் தொடங்குகிறது. பறித்த பச்சைக்காயில் 80 விழுக்காடு அளவுக்கு நீர். விற்பனைக்குப் போகும் உலர்காயில் அது 10 விழுக்காடு அளவில் இருக்க வேண்டும். அதாவது 1000 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் முக்கால் டன்னுக்கு மேல் நீராவி கட்டடத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். அதுவும் வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது.

மெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் அந்த வேலையைப் பார்த்தோம். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு இங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். வெளியே அடுப்பு, அதிலிருந்து வரும் சூட்டுக்குழாய்கள் அறைக்குள் ஓடுகின்றன, மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக்காய். புகை காயில் படாது, சூடு மட்டும் படும். அறை 45 முதல் 50 டிகிரிக்கு வந்ததும் காய்கள் வேர்க்கத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் சூட்டைக் காப்பாற்றுவதற்காக அறையை மூடிவைப்பதில்லை. மேலே இருக்கும் காற்றுப்போக்கிகளைத் திறந்துவிட்டு, வெளியேற்றும் விசிறியையும் போடுகிறார்கள். நீராவி முழுக்கப் போன பிறகுதான் அவற்றை மூடி, அதே சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் பொழுது வைத்திருக்கிறார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நண்பரிடம் சொன்னார்: “காத்தை அடைச்சா காய் அவிஞ்சிரும் தம்பி. பச்சை நிறம் போயிரும். தண்ணி வெளிய போக வழி விடணும்ல?” நிறம் போன காய்க்கு ஏல மையத்தில் விலை இறங்கிவிடும். போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் முதலில் பார்ப்பது பச்சையும் பருமனும்தான்.

அதே முறையைத்தான் நண்பர்கள் தங்கள் வண்டியில் செய்திருக்கிறார்கள். கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய். கதவின் அடிப்பகுதியில் சாய்ந்த தகடுகள் வைத்த, வலை அடித்த காற்றுத் துளை. கூரையில் விசிறித் திறப்பு. கூரைத் திறப்பின் மேல் மழைக்கவசம் பொருத்தியிருப்பதால் கொட்டும் மழையிலும் மூடியைத் திறந்தே வைக்க முடிகிறது. சன்னல்கள் மேல்பக்கம் கீல் வைத்து வெளியே தள்ளித் திறப்பவை. மழை அடிக்காத பக்கத்துச் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்தால் நீர் வழிந்து போகும், காற்று உள்ளே வரும். இவ்வளவு தாழ்வான கூரைக்குள் சூடான காற்று தானாக எழும்பி வெளியேறும் விசை மிகக் குறைவு. அதனால் காற்று அசையாத இரவில் விசிறி இல்லாமல் முடியாது.

மற்றவை சின்னச் சின்னப் பழக்கங்கள். கட்டிலுக்கு முழுப் பலகை இல்லை. இடைவெளி விட்ட சட்டங்கள். மெத்தைக்கு அடியிலும் காற்று போகிறது. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் யாருக்கும் மெத்தை மக்கிய நினைவு இருக்காது. நனைந்த குடை, மழைச்சட்டை, செருப்பு எதுவும் உள்ளே வருவதில்லை. வெளியே இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் கீழே தொங்குகின்றன. ஈரத்துணியை உள்ளே காயப்போடுவதில்லை. காலையில் கண்ணாடியில் கோத்த நீரை ஒரு துணியால் துடைத்து வெளியே பிழிந்துவிடுகிறார்கள். விட்டுவைத்தால் வெயில் வந்ததும் அதே நீர் மறுபடி காற்றில் ஏறிக்கொள்ளும்.

சமையலும் தார்ப்பாயின் கீழேதான். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. ஈரத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கதவடியில் உள்ள துளையை அட்டை வைத்து அடைக்கக் கூடாது என்பது இதற்காகவும்தான். எரிவது எதுவானாலும் அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்களின் ஆய்வில் தெரியவந்தது. குளிருக்குக் கரியடுப்பைக் கொண்டுவந்து உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் பொருத்தாமல் எந்த வண்டிவீட்டிலும் படுக்கக் கூடாது.

கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த பிறகு இடுக்கி மலைகளில் இப்படிப்பட்ட வண்டிகள் கூடியிருக்கின்றன. மூணாறு – போடிமெட்டு சாலையை அகலப்படுத்தியதும் அவற்றுக்கு வசதியாகிவிட்டது. ஆனாலும் கண்ட இடத்தில் நிறுத்த இது சமவெளி இல்லை. பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் நிலம். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பெயர்பெற்ற அரிக்கொம்பன் 2023 ஏப்ரலில் பிடிபட்டது சின்னக்கானலில்தான். சன்னலைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டுமானால் சுற்றிலும் ஆள் குடியிருக்கும் இடம் வேண்டும். எங்கள் வண்டி நின்றது ஒரு தங்குமனையின் முற்றத்தில். அரிசி, பழம், வெல்லம் எல்லாம் மூடிபோட்ட டப்பாக்களில் வீட்டுக்காரர் அறைக்குள் போய்விட்டன.

மழைக்காலத்தில் இந்த மலைக்கு வண்டிவீட்டோடு வர நினைப்பவர்கள் கிளம்பும் முன் மூன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கூரைத் திறப்புக்கு மழைக்கவசம் இருக்கிறதா, கதவடித் துளை அடைபடாமல் இருக்கிறதா, எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா. இறங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். குளிர்ந்துபோன மெத்தையும் துணிகளும் போடியின் சூடான ஈரக்காற்றைத் தொட்டவுடன் நனைந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் வண்டி சூடேறும்வரை பொறுத்திருந்து பிறகு திறவுங்கள். அடுத்த பகுதியில் சாந்தன்பாறை வழியாக மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறோம்.