கேரித் தீவில் ஒரு காலைப்பொழுது

என் தாயார் பிறந்தது சிலாங்கூர் மாநிலத்திலுள்ள கேரித் தீவில். கடலும் லங்காட் ஆறும் சூழ்ந்த தீவு அது. ஆயினும், பாலத்தைக் கடந்து செல்வோர்க்குத் தீவினுள் நுழைகிறோம் என்ற எண்ணமே தோன்றாது. எங்கு நோக்கினும் செம்பனைதான்!

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், "அப்பா காவல் காத்த கரையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று அம்மா விரும்பியதால், உரிய அனுமதி பெற்று விடியற்காலையில் அங்குச் சென்றோம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. மூடுபனியோ விலகவில்லை. மா மெரி பழங்குடியினர் மரச்சிற்பம் செதுக்கும் சுங்கை பும்புன் கிராமத்தைக் கடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மண்கரைமீது ஏறி நின்றபோது திகைத்துப் போனேன். ஒருபுறம் சதுப்புநிலக் காட்டின் வேர்களையெல்லாம் மூழ்கடித்துக் கடல்நீர் நிறைந்திருந்தது. மறுபுறம் செம்பனைகள் அந்நீர்மட்டத்திற்கும் கீழே நின்றன! இடையில் இருந்தது இந்த மண்கரை ஒன்றே. மாணவச் செல்வங்களே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் தோட்டம் அமைத்தபோது, சேற்றை வெட்டிக் கரை எழுப்பியும் வடிகால் தோண்டியும்தான் நிலத்தைக் கடலிடமிருந்து காத்தனர். வடிகால் முடியுமிடத்தில் நீர்க்கதவு உண்டு. கடல் ஏறும்போது அலையின் அழுத்தமே அதனை மூடிவிடும். வற்றும்போது உள்ளிருக்கும் மழைநீர் அதனைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கதவிடுக்கில் ஒரு மட்டை சிக்கினாலும் போதும், உப்புநீர் உள்ளே புகுந்துவிடும்.

அக்கதவுக்கும் கரைக்கும் காவலாக இருந்தவர் என் தாத்தா. அமாவாசையையொட்டிக் கடல் பொங்கும். தீபாவளி வருவதும் அமாவாசையையொட்டித்தானே! அதுவும் அடைமழைக் காலம். லயத்தில் எல்லா வீடுகளிலும் பலகாரம் மணக்க, தாத்தா சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்குடன் கரைக்குப் புறப்பட்டுவிடுவார். தீபாவளி என்றாலே அப்பா வீட்டில் இல்லாத நாள் என்றுதான் அம்மா சிறுவயதில் எண்ணியிருந்தாராம்.

எண்பதை நெருங்கும் அம்மா கடலைப் பார்க்கவேயில்லை. குனிந்து தரையையே பார்த்து நடந்தார். ஓரிடத்தில் நண்டு வளை ஒன்று தென்பட்டது. சிறு வளையின் வழியே கசியும் நீர்தான் கரையை அரித்துப் பெரிய உடைப்பாக்கிவிடும் என்பார் தாத்தா. அம்மா ஈரமண்ணை அள்ளி அதில் திணித்துக் குதிகாலால் மிதித்தார்.

"இப்போதெல்லாம் இயந்திரம் வந்து கரையைச் சரிசெய்யும், அம்மா" என்றேன்.

"அது வரும்வரை நண்டு சும்மா இருக்குமா?" என்றவர், அடுத்த வளையைத் தேடி நடந்தார். தூறல் வலுக்கவே, நான் குடையைப் பிடித்தபடி அவர் பின்னே சென்றேன்.