சாரத் துண்டும் ஒரு தடியும்

கட்டுத்துவக்கில் சிக்கியவருக்குப் பெரும்பாலும் காலில்தான் காயம் இருக்கும். பன்றிக்கென்று பன்றியின் உயரத்தில் கட்டி வைப்பது அது. விடியுமுன் வயல் வட்டைக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவரும் காட்டோரம் விறகுக்குப் போகிறவரும் அதில் தட்டுப்படுகிறார்கள். இலங்கைக் கிழக்கு மாகாணத்தின் கல்முனைப் பக்கத்தில் துவக்குச் சூட்டுக் காயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு யுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. யுத்தம் 2009இல் முடிந்த பிறகும் எங்கள் வயல் வரம்புகளில் அந்தக் காயம் இருக்கிறது.

இருபது வருடங்களுக்கு மேலாகிறது. முதலுதவிச் சான்றிதழ் என் கைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. வயல் வேலை பார்க்கும் ஒரு முல்லைக்காரரை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அவருடைய தலையை மடியில் வைத்துக் கலிமா சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தொடையில் யாரோ ஒரு சாரத்தைச் சுற்றியிருந்தார்கள். அது நனைந்து கனத்துப்போயிருந்தது. “கெதியா விடுங்க, கெதியா விடுங்க” என்று வழியெல்லாம் கத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டபோது அவர் மௌத்தாகியிருந்தார்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெரியவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தொடைக்குப் பின்னால இன்னொரு ஓட்ட இருந்திச்சி மகன். முன்னால இருந்ததவிடப் பெரிசு. ஒத்தரும் பாக்கல்ல போல.” அவர் குறை சொல்லவில்லை. பல வருடங்களாக அந்த மாதிரி உடம்புகளைக் கழுவியவர், கண்டதைச் சொன்னார். உள்ளே போன சன்னம் வெளியேயும் போயிருக்கலாம், ஆகையால் உடம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை எனக்கு ஒரு வகுப்பும் தந்திருக்கவில்லை. மையித்தைக் கழுவுகிறவர் தந்தார்.

நான் படித்த வகுப்பில் சுளுக்கு, முறிவு, தீக்காயம், நீரில் மூழ்கியவர், முக்கோணக் கட்டு எல்லாம் இருந்தன. துவக்குச் சூட்டைப் பற்றிக் கேட்டபோது, அது வைத்தியர்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்றார் பயிற்றுநர். அவரைப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்பதே ஆபத்து. துவக்குச் சூட்டுக்கு மருந்து கட்டத் தெரிந்த வாலிபனை எந்தச் சோதனைச்சாவடியிலும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். எந்தப் பக்கத்துக்கு மருந்து கட்டினாய் என்பதே முதல் கேள்வியாக வரும்.

ஆனால் இந்த மாகாணத்துக்கு அந்த அறிவு எவ்வளவு தேவைப்பட்டது! 1990ஐ நினைத்தால் போதும். யூனில் சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேலே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம்கள், வீரமுனையில் தமிழர்கள். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் சன்னம் பட்ட துளைகளை இன்றும் பார்க்கலாம். அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான்: காலிலும் கையிலும் சூடுபட்டு, இரத்தம் போய் மட்டும் இறந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? இன்று அம்புலன்ஸுக்கு அழுத்துகிற இலக்கமும் 1990. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய சுவசெரிய சேவையின் இலக்கம் அது. இப்போது நான் நடத்தும் முதலுதவி வகுப்பில் அந்த எண்ணைப் பலகையில் எழுதும்போது, வயதானவர்கள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு ஆசான் கிடைத்தார். அம்பாறை நகரத்துச் சிங்களவர், இராணுவத்தில் காயக்காரருக்கு மருந்து கட்டி ஓய்வு பெற்றவர். அரைகுறைத் தமிழில் ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லித் தந்தார். என் தொடையிலேயே பட்டியைக் கட்டித் தடியைச் செருகித் திருக வைத்தார். நான் போதும் என்று நிறுத்திய இடத்தில் அவர் “தவ, தவ” என்றார். இன்னும், இன்னும். என் பாதத்தில் விரல் வைத்து, நாடி நின்ற பிறகே விட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வலிக்காத கட்டு இரத்தத்தை நிறுத்தாது என்று அன்று என் உடம்பில் படித்தேன். அரைகுறையாக இறுக்கினால் நாளம் மட்டும் அடைபடும். தமனி உள்ளே இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒழுக்கு நிற்பதற்குப் பதிலாகக் கூடும். அந்த லேண்ட்மாஸ்டர் பெட்டியில் இருந்த சாரம் அப்படிப்பட்ட கட்டு.

“கட்டினால் கால் அழுகிப்போகும்” என்ற பயம் எங்களிடம் மட்டும் இருந்ததல்ல. உலகம் முழுக்க வைத்தியர்களே டோர்னிக்கே என்ற இறுக்குப்பட்டியைக் கடைசி வழி என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்றியது ஈராக் யுத்தம். பக்தாத் இராணுவ வைத்தியசாலையில் ஜோன் க்ராக் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 2006இல் பட்டி கட்டப்பட்ட 232 காயக்காரரை ஆராய்ந்தார். பட்டி கட்டிய காரணத்தால் மட்டும் கால் கை இழந்தவர் ஒருவரும் இல்லை. அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 வீதம் பிழைத்தார்கள், போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 வீதம்தான். 2012 டிசம்பரில் அமெரிக்கப் பாடசாலை ஒன்றில் குழந்தைகள் சுடப்பட்ட பிறகு, இந்தப் போர்க்கள அறிவைப் பொதுமக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். 2015இல் இரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி அங்கே மக்கள் இயக்கமாகத் தொடங்கப்பட்டது. அதன் படங்களையும் விளக்கங்களையும் பார்த்துத்தான் என் வகுப்பைத் திருத்திக்கொண்டேன்.

பட்டி எங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் மருதமுனைத் தறியில் நெய்த சாரம் இருக்கிறது. சாரத் துணியை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்ட வேண்டும். முடிச்சின் மேல் உறுதியான தடியை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டுத் திருக வேண்டும். நின்றதும் தடியை அசையாமல் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுத வேண்டும். இடையில் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. தடி இல்லாத கட்டு கட்டே அல்ல. 2013இல் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பில் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய பலவற்றில் இருந்த குறையும் இதுதான்.

வகுப்பில் எனக்குக் கஷ்டம் தருகிற இடம் பாம்பு. வயலில் துவக்கைவிடப் பாம்புதான் கூட. கண்ணாடி விரியன் கடித்தால் இறுக்கிக் கட்டாதே என்று காலையில் சொல்லிவிட்டு, இரத்தம் பீறிட்டால் அழும்வரை இறுக்கு என்று பின்னேரம் சொல்லிவந்தேன். இரண்டும் காலில், இரண்டும் வட்டையில். ஆட்கள் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இப்போது இரண்டையும் ஒரே நாளில் நடத்துவதில்லை.

கவட்டிலும் கக்கத்திலும் பட்டி கட்ட முடியாது. அங்கே துணியைக் காயத்துக்குள்ளேயே விரலால் திணிக்க வேண்டும், இரத்தம் வருகிற அடித்தளம்வரை. பிறகு இரண்டு கையையும் மேலே வைத்து முழங்கையை மடிக்காமல் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும். சாதாரணத் துணியென்றால் பத்து நிமிடம், எடுத்துப் பார்க்காமல். நிதானமாக நான்கு ரக்அத் தொழுது முடிக்கிற நேரம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாவது நிமிடத்திலேயே எல்லோரும் கையை எடுத்து எட்டிப் பார்க்கிறார்கள். முதலில் மாட்டுத்தொடை இறைச்சியில் கீறல் போட்டு, சேலைன் குழாயால் சிவப்புத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன். சாப்பாட்டை வீணாக்குவதாகச் சிலருக்கு மனம் நொந்தது, நியாயம்தான். இப்போது மெத்தை ஸ்பொஞ்சில் ஓட்டை போட்டுக்கொள்கிறோம்.

நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் எதையும் திணிக்கக் கூடாது. அங்கே நம்மால் ஆவது கொஞ்சம்: மூச்சு விட இலகுவாக இருக்கிற மாதிரி வைப்பது, போர்த்துவது, 1990ஐ அழுத்துவது. குளிர்ந்த உடம்பில் இரத்தம் சரியாக உறையாது, அதனால் வெயில் நாளிலும் போர்த்தச் சொல்கிறேன். கோப்பித்தூள் போடவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்த கை என்னுடையது.

2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருதில் வெடிச்சத்தம் கேட்டது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு ஐந்தாம் நாள். நான் பழக்கிய பொடியன்மார் நான்கு பேர் பையோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். “நானா, போவம்” என்றார்கள். நான் விடவில்லை. சூடு நிற்காத இடத்துக்குள் போகிறவன் இன்னொரு காயக்காரனாகத்தான் வெளியே வருவான் என்பது வகுப்பின் முதல் பாடம். ஒருவன் அழுதான். விடிந்த பிறகு அந்த வீட்டிலிருந்து குழந்தைகள் உட்பட 15 சடலங்கள் எடுக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். அழுதவன் பல நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே அடுத்த வகுப்பில் அந்த முதல் பாடத்தை நடத்தினான். நான் பின்னால் இருந்து கேட்டேன்.

பெரும்போகத்துக்கு முன்னால் வட்டைக் குடில்களான வாடிகளில் ஒவ்வொரு பை தொங்கவிடுகிறோம். உள்ளே மடித்த சாரத் துண்டு இரண்டு, ஒரு சாண் தடி, வெள்ளைத் துணிச் சுருள், எழுத ஒரு மார்க்கர் பேனை. வயலுக்குச் சொந்தக்காரரான ஒரு போடியார் போன வருடம், “இதக் கண்டா வேலையாள் பயந்துருவான்” என்று திருப்பி அனுப்பினார். இந்த வருடம் அவரே ஆள் அனுப்பி இரண்டு கேட்டிருக்கிறார். மருதமுனையிலிருந்து துணி வந்துவிட்டது. தடிதான் இன்னும் சீவ வேண்டும்.