உம்மாவின் கைக்கு அடங்கிய ஷவர்

ஷவரின் முகத்தைத் திருப்பினால் நீர் வேறு துளைவரிசைக்கு மாறும். தூறலாகவோ தாரையாகவோ பொழியும். ஆனால் கடைகளில் பளபளக்கும் வழுவழுப்பான வளையம் சோப்புக் கையில் வழுக்கிவிடுகிறது. மூட்டுவலியால் விரல் மடங்காத என் உம்மாவுக்கு அது அறவே பயன்படவில்லை. விளிம்பில் சிறு பிடி துருத்தி நிற்கும் ஒன்றைத் தேடி வாங்கினேன். உள்ளங்கையால் தள்ளினாலே போதும். சுவர்க்கம்பியில் அதைத் தாழ்த்திக்கொண்டு, முக்காலியில் அமர்ந்தவாறே பிறர் துணையின்றி ஜும்ஆக் குளிப்பை நிறைவேற்றுகிறார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீரில் குளித்ததாக புகாரியில் ஹதீஸ் உண்டு. தண்ணீரைச் சிக்கனப்படுத்த அமெரிக்கா 1992இல் இயற்றிய சட்டமே ஷவருக்கு நிமிடத்திற்கு 9.5 லிட்டர் வரை அனுமதித்தது! உம்மாவோ சோப்புத் தேய்க்கும்போது பிடியைத் தள்ளி, நீரைச் சொட்டு நிலைக்குக் குறைத்துவிடுகிறார்கள்.