ஆயாவைத் தலைகீழாகத் திருப்பி

நான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது வந்தவாசி கடைத்தெருவில், பாஸ்போர்ட் சைஸ் படமும் கல்யாண ஆல்பமும் போடும் ஒரு சின்ன ஸ்டுடியோவில். அதை நடத்தும் அண்ணனிடம் பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனால், அதைத் தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைப்பார். "இப்ப சொல்லும்மா, இன்னா தெரியுது?"

அப்படி அவர் முதலில் திருப்பி வைத்தது என் ஆயாவை. எங்கள் வீட்டில் கோரைப் பாய்த் தறி உண்டு. ஆயா நீளக் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவு நூலுக்குள் செலுத்துவார். சித்தி அச்சை இழுத்து அடிப்பார். அதைத்தான் எடுத்திருந்தேன். ஆயாவின் முகம், சுருக்கம், கண்ணாடிக்கு மேலே வரும் பார்வை என்று எனக்கு அந்தப் படத்தில் எல்லாமே பிடித்திருந்தது. திருப்பி வைத்ததும் ஆயாவைக் காணோம். மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் குடம்தான் முதலில் கண்ணில் பட்டது. அடுத்து, வெயில் அடித்து வெளுத்துப்போன வாசற்படி. ஆயா எங்கோ இருட்டில் இருந்தார். "உனக்கு ஆயாவத் தெரியும், அதனால தேடிக் கண்டுபுடிச்சிட்ட. தெரியாதவன் குடத்தத்தாம்மா பாப்பான்" என்றார் அண்ணன்.

இந்தப் பழக்கம் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும் பெரிய பெட்டிக் கேமராவில் வேலை செய்தவர். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் பின்னால் உள்ள தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத்தான் விழும். கண்ணாடியோ பிரிசமோ வைத்து நிமிர்த்திக் காட்டும் கேமராக்கள் பரவும்வரை, உலகத்தைக் கவிழ்த்துப் பார்த்தே பல பேர் பிழைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனும் படங்களைத் தலைகீழாக வைத்துத் தேர்வு செய்வார் என்று படித்துவிட்டு ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "அவுரும் ஸ்டுடியோ வெச்சிருந்தாரா?" என்றார். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர் ப்ரெஸ்ஸோன். எங்கள் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அந்த நேரத்தில் வானில் ஓர் ஒளி நகர்ந்து போனதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் மாட்டியிருக்கும் ரமணர் படம் அவர் எடுத்தது அல்ல. பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் 1946இல் எடுத்தது. வெற்றுத் தோள், நரைத்த தாடி, நேராகப் பார்க்கும் கண்கள். காலண்டரிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்துக் கவிழ்த்துப் பார்த்தேன். சாமி படத்தைத் தலைகீழாகப் பிடித்ததற்கு அம்மாவிடம் திட்டு கிடைத்தது. கவிழ்த்த பிறகும் முதலில் கண்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கண்ணை வேறெங்கும் இழுக்க அதில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அண்ணன் கொடுத்த வேலை, வெள்ளைத் தட்டில் இட்லி. கேமராவின் மீட்டருக்கு இட்லி தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். அதனால் முழுக்க வெள்ளையாக இருப்பது மங்கிப்போகும், கறுப்பு வெளுத்துப்போகும். நான் எடுத்த இட்லி கேழ்வரகு இட்லி போல வந்தது. எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிய பிறகுதான் அரிசி இட்லி ஆனது. தோசைக்கல்லுக்கு அதையே இறக்க வேண்டும்.

எனக்கு இட்லி போதவில்லை. பஸ் ஏறி ஆரணிக்குப் போனேன், பட்டுத் தறி எடுக்க. குழித்தறி வீடுகளில் வெளிச்சம் குறைவு, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலே போதும். ஜரிகை தானாக மின்னுகிறது, அரக்கு நிறம் தானாக ஆழமாகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றி, 50 எம்எம் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்த எல்லாப் படமும் அழகு. அண்ணன் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுல பட்டு செஞ்ச வேல எவ்வளவு, நீ செஞ்சது எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், யார் போய் நின்றாலும் அந்த ஜன்னல் அதே படத்தைத்தான் கொடுத்திருக்கும்.

பாய் அப்படி விட்டுக்கொடுக்காது. உச்சி வெயிலில் எடுத்தால் கலர் காகிதம் விரித்த மாதிரி தட்டையாகக் கிடக்கும். எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் இன்னும் மோசம். காலையில் வெயில் தரையோடு சாய்ந்து வரும்போது பாயைத் திண்ணையில் விரித்துக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கோரைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். நூல் கோரையை அழுத்தும் இடத்தில் ஒரு பள்ளம். அந்த வெயிலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பிறந்ததிலிருந்து படுத்துப் புரண்ட பாய். அதில் பள்ளம் இருப்பதைப் படத்தில்தான் பார்த்தேன்.

ஊரில் இப்போது பாயும் மின் தறிக்குப் போய்விட்டது. அந்தத் தறிக் கொட்டகையில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். குழல் விளக்கின் குறும்பு அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/100இலோ 1/50இலோ வைத்தால் பட்டை போய்விடும், ஆனால் ஓடும் தறி கலங்கித் தெரியும். எனக்கு அந்தக் கலங்கல் பிடிக்கிறது.

மதுரை பழனிகுமார் தன் அம்மா மீன் விற்பதைப் படமெடுத்தவர். கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்தில் அவர் படங்களைப் பார்க்கலாம். பெற்ற தாயை எடுக்கும்போது கண்ணைக் கட்டும் பாசத்தை அவர் என்ன செய்கிறார் என்று யோசித்துக்கொண்டே அவற்றைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். ஆயா விஷயத்தில் எனக்கு இன்னும் அது கைவரவில்லை. அவர் சிரித்துவிட்டால் குடம், வாசற்படி எல்லாம் மறந்துபோகிறது.

திண்ணைப் பாய்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும் என்பது என் கட்சி. நிறத்தைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, நிழலுக்கு வருவதில்லை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கோரைக்குச் சாயம் போட்டவன் கோச்சிக்குவான்" என்கிறார். இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டுக் கவிழ்த்துப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பிரிண்ட் காசு என்னுடையதாம்.