மேகத்தின் மேல் ஒரு கோடு



உங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதா? பிஸ்கட் தின்பதற்காகக் கேட்கவில்லை. பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டின் நகல், ஊழியர் சேமநிதிக் கடிதம், பிள்ளைகளின் பள்ளி அறிக்கை என்று எல்லாவற்றையும் மடித்துப் போட்டு, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருப்போமே, அந்த டின்! லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு டின்னின் மூடியில் இருந்த படம் ரோஜாப் பூவா, வெள்ளைக்காரச் சீமாட்டியா என்று எனக்கு விவரம் தெரிவதற்குள்ளேயே தேய்ந்து போய்விட்டது.

அந்த டின்னுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நிரம்பிவிட்டால் மூடி மூடாது. கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு அம்மா அதைப் பாயில் கவிழ்ப்பார். வேண்டாத சீட்டெல்லாம் அடுப்புக்குப் போகும். வேண்டியது மட்டும் திரும்ப உள்ளே போகும். மூடி 'டக்'கென்று மூடிக்கொள்ளும்.

நிரம்பியதைச் சத்தம் போட்டுச் சொல்லாத ஒரு டின்னிடம் நான் ஏமாந்த கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நான் இருப்பது லெம்பா பெர்த்தாம். ரிங்லெட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அதிகாலையை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை கொட்டித் தீர்த்து, மேலே சுல்தான் அபு பக்கார் அணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் ஆறு வீடுகளுக்குள் புகுந்த இரவு அது. உயிர்கள் போயின. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. விடிந்ததும் கீழே போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, சேறு அப்பிய டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளோடு தாள் ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால் கிழிகிறது, பிரிக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அந்தக் கட்டியில் எங்கேயோ இருந்தது.

அதை நான் பல முறை சொல்லிக் கேட்டவன் என் மகன். ஈப்போவில் வேலைக்குப் போன பிறகு, என் கைத்தொலைபேசியில் ஒரு குறிப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். "காகிதம்தாம்மா நனையும். இதில் எழுதினால் மேகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன் தொலைந்தாலும் குறிப்பு தொலையாது" என்றான். மேகம் என்றால் நம் மலையில் காலையில் வாசலுக்கு வரும் மேகமல்ல. எங்கோ தூர தேசத்தில், யாரோ ஒரு முதலாளியின் கட்டடத்தில், வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள். நம் டின்னை இன்னொருவர் வீட்டு அலமாரியில் வைப்பது போலத்தான்.

எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் பார்க்கும் அளவு, மாத்திரைப் பெயர், கிளினிக் தேதி எல்லாம் அதில் எழுதினேன். பிறகு எழுதச் சோம்பல் வந்தது. படம் எடுக்கத் தொடங்கினேன். மருந்துச் சீட்டு, மின்சார பில், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை... கை நடுங்கிப் படம் மங்கினால் இன்னொன்று, அதுவும் சரியில்லையென்றால் மற்றொன்று. மங்கியதையும் அழிக்கவில்லை. ஒரே மருந்துச் சீட்டுக்கு ஒன்பது படம் இருந்ததைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன்!

ஒரு நாள் ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பாக வந்தது. விரலால் தள்ளிவிட்டேன். அதன் பிறகு குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேகமும், அதன் மேல் குறுக்காக ஒரு கோடும் தெரிந்தன. நானும் பார்த்தேன். இங்கே மேகத்துக்கு என்ன பஞ்சம்? ஏதோ வானிலை அறிவிப்பு என்று இருந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், உங்கள் கைத்தொலைபேசியில் அந்தக் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படி இருந்த நாட்களில்தான், ஒரு மழைநாள் மாலை, அம்மா வாயைத் திறந்தார். எழுபத்தெட்டு வயதாகிறது. தன் அப்பா கப்பலேறி வந்த கதையை அதுவரை முழுதாகச் சொன்னதே இல்லை. அன்று, ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தது, கூட வந்தவர்கள் பெயர், ஊரில் விட்டுவிட்டு வந்த தங்கை பெயர், ஊர்ப் பெயர், குலதெய்வம் எல்லாம் தானாக வந்தன. நான் குறிப்புச் செயலியில் குரல்பதிவை அழுத்தி, கைத்தொலைபேசியை அம்மாவின் மடியில் வைத்தேன். நாற்பது நிமிடம். நான் ஒரு வரி எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், அதுதான் மேகத்துக்குப் போய்விடுமே!

மூன்று வாரம் கழித்துத் துணி துவைக்கும்போது கைத்தொலைபேசி தண்ணீர் டிரம்மில் விழுந்தது. பழுது பார்க்கும் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கையை விரித்தார். 'போகட்டும், குறிப்பு பத்திரமாக இருக்கிறது' என்று நினைத்துப் புதியது வாங்கி, செயலியைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை இருந்தது. பில் இருந்தது. மருந்துச் சீட்டின் ஒன்பது படங்களும் இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஒன்றுமே இல்லை. இலவச இடம் நிரம்பிய அன்றே மேகம் கதவை அடைத்துவிட்டது. அதன் பிறகு நான் வைத்ததெல்லாம் கைத்தொலைபேசிக்குள் மட்டும் இருந்து, கைத்தொலைபேசியோடு போய்விட்டது.

செயலியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது சொல்லியிருக்கிறது, தள்ளிவிட்டவள் நான்.

அடுத்த ஞாயிறு மகன் வந்து கணக்குச் சொன்னான். இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 'அம்மா' என்று தமிழில் எழுதினால் கம்ப்யூட்டருக்கு அது ஐந்து குறியீடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து பைட். ஒரு பக்கம் நிறைய எழுதினாலும் ஏறக்குறைய மூவாயிரம் பைட்தான். நாம் எடுக்கும் ஒரு படமோ மூன்று எம்.பி. இருக்கும். அதாவது முப்பது இலட்சம் பைட். ஒரு மங்கலான படம் வைக்கும் இடத்தில் ஆயிரம் பக்கம் எழுதி வைக்கலாம்! நிறுவைக் கொட்டகையில் கூடையைத் தூக்கிப் பழகிய நமக்கு இது புரியாதா என்ன? நான் கூடையில் கொழுந்தைப் போடாமல் கல்லைப் போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு நம் அணைதான் நினைவுக்கு வந்தது. 1963-இல் கட்டி முடித்த அணை. மேலிருந்து பார்த்தால் நீர் பளபளவென்று நிற்கிறது. ஆனால் மேலே மலைச்சரிவுகளை வெட்ட வெட்ட, மழையோடு மண் இறங்கி, அடியில் வண்டலாகப் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தில் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டது. தூர் வாரி மாளவில்லை. என் செயலியும் அப்படித்தான் இருந்தது. பில்லும் நோட்டீஸும் அடியில் படிந்து கிடக்க, அம்மாவின் நாற்பது நிமிடத்துக்கு உள்ளே இடமில்லை.

இது என் ஒருத்திக்கு மட்டும் வந்த வினை அல்ல. எவர்நோட் என்று உலகம் முழுதும் பெயர் பெற்ற ஒரு குறிப்புச் செயலி உண்டு, 2008-இல் வந்தது. 2023 டிசம்பரில் அது, இலவசமாக வைத்திருப்பவர்களுக்கு ஐம்பது குறிப்பு, ஒரே ஒரு குறிப்பேடு, அவ்வளவுதான் என்று கட்டுப்படுத்தியது. பழையதைப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் பணம். கூகுளும் முன்பு ஒரு அளவுக்குச் சுருக்கிய படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. 2021 ஜூன் 1 முதல் அதையும் எண்ணத் தொடங்கியது. அஞ்சல், படம், கோப்பு மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜி.பி. மூன்று எம்.பி. படமென்றால் ஐயாயிரம் படத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அஞ்சல்கூட வராது. இரண்டு ஆண்டு அப்படியே விட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிடக்கூடும் என்பதும் விதி. இடம் கொடுத்தவர் விதியை மாற்றுவார். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல.

பணம் கட்டி இடம் வாங்கலாமே என்பீர்கள். முடிந்தவர்கள் வாங்கட்டும். என் யோசனை வேறு. கல்லுக்கு வாடகை கட்டுவானேன்?

இரண்டு இரவு உட்கார்ந்து தூர் வாரினேன். மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரைப் பெயரை எழுத்தால் எழுதிக்கொண்டு, ஒன்பது படங்களையும் நீக்கினேன். பில், நோட்டீஸ் எல்லாம் போயின. ஆனாலும் இடம் கூடவில்லை! மகனைக் கூப்பிட்டேன். "குப்பைத் தொட்டியைக் காலி செய்தீர்களா, அம்மா?" என்றான். நீக்கியது உடனே போய்விடாதாம். தொட்டியில் கிடந்து அங்கேயும் இடத்தை அடைக்குமாம். பல செயலிகளில் இப்படித்தானாம். அதைக் காலி செய்த பிறகுதான் மேகத்தின் மேலிருந்த கோடு மறைந்தது.

இப்போது மாதம் ஒருமுறை முக்கியமான குறிப்புகளை ரிங்லெட்டில் அச்செடுத்து டின்னில் வைக்கிறேன். டின் நனைந்தால் மேகம், மேகம் அடைத்தால் டின். பத்திரங்களைப் படம் எடுத்தால் தெளிவாக ஒன்று, அதோடு சரி.

கிளினிக்கில் இரண்டு மாதச் சர்க்கரை அளவு எங்கே என்று கேட்டபோது தலை குனிந்தேன். அது பரவாயில்லை, மறுபடி பார்த்து எழுதிக்கொள்ளலாம். நாற்பது நிமிடத்தை எப்படிப் பார்த்து எழுதுவது?

பேனாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாத்தா எந்த ஊருன்னு சொன்னீங்கம்மா, அன்னைக்கு?"

"மோகனூரு."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல தாயி, முசிறியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டும் காவிரிக் கரைதான். அன்று எதைச் சொன்னார் என்று நான் நினைவைக் கசக்கிப் பார்க்கிறேன், வரவில்லை. எழுதியிருந்தால் பதினைந்து, இருபது பைட். தங்கை பெயர் இந்த முறை வரவே இல்லை. குலதெய்வம் மட்டும் தடுமாறாமல் வந்தது.

"ரெண்டு ஊரையும் எழுதிக்க. எடம் இருக்குல்ல?" என்றார் அம்மா.

இருக்கிறது என்றேன். நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டையும் எழுதி, தேதி போட்டேன். பிறகு செயலியிலும் எழுதினேன். தங்கை பெயருக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு விடியற்காலையில்தான் நினைவு கொஞ்சம் தெளிவாக இருக்கும். தேநீர் கொடுக்கும்போது தினமும் ஒருமுறை கேட்கிறேன்.