அறிந்த விசுவாசமும் வாழும் விசுவாசமும்



செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துறவியை நினைத்துக்கொள்வேன். பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ அடிகளார், ஏறத்தாழ 20 ஆண்டுகள் மடத்தில் வாழ்ந்தபின் 1948-இல் தமிழகம் வந்தார். 1949-இல் மொன்சானின் அடிகளாருடன் இவ்வாசிரமத்தில் ரமணரைக் கண்டார். 1950-இல் இருவரும் குளித்தலை அருகே சாந்திவனத்தைத் தொடங்கினர். பின்னரும் அவர் அருணாசலக் குகைகளுக்குத் திரும்பி வந்து மௌனத்தில் அமர்ந்தார். விசுவாசப் பிரமாணம் அறியாதவரா அவர்? அறிந்ததை உயிரில் உணரவே ஏங்கினார்.

நானோ அறிந்ததோடு நின்றவன். ஒரு ஞாயிறன்று விசுவாசத்தைப் பற்றி நெடிய மறையுரை ஆற்றினேன். அவ்வாரமே இப்பகுதியில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவர் நற்கருணை கேட்டு ஆளனுப்பினார். அன்று பௌர்ணமி, சாலையெங்கும் கிரிவலக் கூட்டம். ‘நாளை போகலாம்’ என்றிருந்துவிட்டேன். காலையில் சென்றபோது அவர் இறைவனடி சேர்ந்திருந்தார். இரவெல்லாம் அருகிருந்து கஞ்சி ஊட்டி, கேட்டபோது சிலுவையை எடுத்து அவர் கையில் கொடுத்தவர் பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணி.

“நீங்க வருவீங்கன்னு கடைசிவரை நம்பினார், சாமி” என்றார் அந்த அம்மாள்.

செயலற்ற விசுவாசத்தைப் பற்றி யாகப்பர் எழுதிய திருமுகத்தைக் குருமடத்தில் கற்றுத் தேர்வும் எழுதினேன். அதன் பொருளை அந்த வாசற்படியில்தான் கற்றேன்.

அன்பர்களே, வாயால் அறிக்கையிடுவது தொடக்கமே. எழுந்து நடக்கையில்தான் விசுவாசம் உயிர் பெறுகிறது. உங்களுக்காக இன்று காத்திருப்பவர் யார்? நாளைக்கென்று தள்ளாதீர்கள்.