மூன்று மில்லிமீட்டர்



பள்ளி ஆண்டு மலர், பழைய மாணவர் சந்திப்பு மலர், அறுபதாம் கல்யாண மலர் என்று எதையாவது அச்சுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

1982-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் நாங்கள். 40 ஆண்டு கழித்து, 2022-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடினோம். அதற்காக 36 பக்கத்தில் ஒரு மலர் போட முடிவானது. "உமக்குத்தான்யா கம்ப்யூட்டர் தெரியும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் ராஜபாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து, மகளின் பழைய லேப்டாப்பில் ஒரு மாதம் மெனக்கெட்டேன். திரையில் அழகாகத் தெரிந்தால் தாளிலும் அப்படியே வரும் என்பது என் எண்ணம்.

நடுப்பக்கத்தில் எங்கள் செட்டின் குரூப் போட்டோ. கறுப்பு வெள்ளை, அட்டையில் ஒட்டியது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஓரம் வரை விரித்துப் போட்டேன். அட்டையின் மஞ்சள் கறை தெரியக் கூடாது என்று படத்தை ஓரத்தோடு ஒட்ட நறுக்கியிருந்தேன். வலது ஓரத்தில் கடைசி ஆளாக நிற்பவன் என் அறைத்தோழன். 2021-ல் கொரோனா அவனைக் கொண்டுபோய்விட்டது.

சிவகாசியிலிருந்து அச்சகத் தம்பி போன் செய்தார். "சார், ஃபைல்ல பிளீட் விடலையே. படத்தை லேசாப் பெருசாக்கிக்கிடவா?"

"அதெல்லாம் நீங்களே பாத்துக்கிடுங்க தம்பி" என்றேன்.

கேள்வி புரியாமலே பதில் சொல்லும் பையன்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! அன்று நானே அந்தப் பையன்.

சந்திப்பு அன்று காலையில்தான் பண்டிலைப் பிரித்தோம். எல்லாரும் முதலில் திருப்பியது நடுப்பக்கத்தைத்தான். மடிப்பு நேராக முதல்வர் ஐயாவின் மூக்கில் விழுந்திருந்தது. சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் வலது ஓரத்தைப் பார்த்தேன். என் நண்பனின் ஒரு காதும் கன்னமும் இல்லை.

முதல் பிரதியை அவன் மனைவிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மறைக்க வழியில்லை. அந்தம்மா அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அவுக இதுல பாதிதான் இருக்காக சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அடுத்த வாரம் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன், சண்டை போடத்தான். அந்தத் தம்பி எதுவும் பேசாமல் கட்டிங் மெஷின் பக்கம் கூட்டிப் போனார். அடுக்கி வைத்த கட்டின் மேல் ஒரே வெட்டு. "சார், இந்தக் கட்டுல ஒரு தாள் ஒரு மில்லி நகரத்தான் செய்யும். ஓரத்தோடு படம் நின்னுச்சுன்னா, நகர்ந்த இடத்துல வெள்ளைக் கோடு தெரியும். அதுக்குத்தான் வெளியே 3 மில்லி கூடுதலாப் படம் வேணும். நீங்க விடலை. நாங்க பெருசாக்குனோம். உங்க ஓரம் வெட்டுல போச்சு."

தையல்காரர் மடிப்புக்கு உள்ளே துணி விடுவதுபோலத்தான். சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. உள்ளே போகப் போகத் தாள் வெளியே தள்ளி நிற்கும். அதனால் நடுத்தாளுக்குத்தான் வெட்டு அதிகம். நான் நண்பனை நிறுத்தியது சரியாக அங்கேதான்.

அன்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததைத் தருகிறேன்.

1. புத்தகம் ஏ5 என்றால் அளவு 148 × 210 மி.மீ. பின்னணி நிறமோ படமோ ஓரம் வரை போனால், நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 154 × 216 ஆகச் செய்யுங்கள். கட்டிங் மார்க்கும் வையுங்கள்.

2. முகம், பெயர், பக்க எண் எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளேயே இருக்கட்டும். மடிப்பில் முகம் வேண்டாம்.

3. படத்தில் கூடுதல் ஓரம் இல்லையா? சுற்றிலும் வெள்ளை விட்டு உள்ளே வையுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

4. அச்சாகும் அளவில் படம் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும். சின்னப் போட்டோவை இரண்டு மடங்கு பெரிதாக்குவதென்றால் 600-ல் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

5. திரையின் நிறம் ஆர்.ஜி.பி., அச்சின் நிறம் சி.எம்.ஒய்.கே. திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் தாளில் மங்கும். எழுத்துக்கு ஒற்றைக் கறுப்பு மட்டும் போதும். நாலு மையும் கலந்தால் சற்று விலகினாலும் எழுத்து மசமசக்கும்.

6. தமிழ் ஃபாண்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். ஃபாண்டை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள்.

7. பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். வீட்டிலேயே வெள்ளைத் தாளை மடித்து ஒரு டம்மி செய்து பாருங்கள்.

8. புரூஃபைக் காகிதத்தில் பாருங்கள். புரியாத கேள்விக்கு "பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது தம்பி கேட்டார். "சார், நீங்க பிள்ளைங்களை மார்ஜின் விட்டு எழுதச் சொல்லுவீங்கல்ல?"

36 வருஷம் சொன்னேன். மார்ஜின் விடாத நோட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். காரணம் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

மூல போட்டோவை மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்த முறை அட்டையின் மஞ்சள் கறையோடு, சுற்றிலும் வெள்ளை விட்டு, ஒரே தாளாக எல்லாருக்கும் அச்சடித்தேன். செலவு என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே போய் அந்தம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். காது, கன்னம், தோள், பக்கத்தில் கொஞ்சம் சுவர், எல்லாம் இருந்தது.

"டீ சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலர் போடும் யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள்.